சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட ஓட்டு

எங்கள் வீட்டில் வாக்குவாதம் முற்றினால் நான் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஓர் எண். "பதினோராயிரத்து அறுநூத்தி எட்டு" என்பேன். அவ்வளவுதான். இவர் காபி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். "அப்பா, குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, கூடவே அந்த எண்ணையும் முணுமுணுக்கும் அளவுக்குச் சின்னவள் தேறிவிட்டாள்.

கதை 2017இல் ஆரம்பிக்கிறது. அப்போது நாங்கள் வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் இருந்தோம். போர்க்கப்பல் கட்டுகிற ஊர். இவருக்கு வேலை மட்டும் அக்கரையில், நார்ஃபோக்கில். நடுவே கடல். பாதி தூரம் பாலம், பாதி தூரம் தண்ணீருக்கு அடியில் சுரங்கம். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்: ஒரு வண்டி பஞ்சரானால் போதும், ஊரே நின்றுவிடும்.

அந்த வருடம் வசந்தத்தில்தான் இருவரும் குடியுரிமை எடுத்தோம். கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லிவிட்டு வெளியே வந்ததும், இனிமேல் ஒரு தேர்தலையும் விடப்போவதில்லை என்று இவர் அறிவித்தார். நான் தலையாட்டினேன். முதல் தேர்தல் நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. ஆளுநர் தேர்தல், கூடவே மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கும்.

இந்தச் சபையைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மூர் எம்.எல்.ஏ. மாதிரிதான், இங்கே டெலிகேட் என்பார்கள். 100 பேர். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். சம்பளம் வருடத்துக்கு 17,640 டாலர். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. அதனால் எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு, வக்கீல், ஆசிரியர், வியாபாரி என்று. தொகுதியும் சின்னது, இன்றைய கணக்கில் சுமார் 86,000 பேர். நம்மூர்த் தொகுதியில் வாக்காளர்களே சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள்.

எங்களுடையது 94வது தொகுதி. டேவிட் யான்சி என்ற குடியரசுக் கட்சிக்காரர் கையில் இருந்தது. எதிர்த்து நின்றவர் ஷெல்லி சைமண்ட்ஸ், ஜனநாயகக் கட்சி. சபையில் அப்போது 66க்கு 34 என்று குடியரசுக் கட்சி உட்கார்ந்திருந்தது. அதை அசைக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. அதற்கு முந்தைய 2015 தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இரு பெரிய கட்சிகளில் ஒன்று ஆளே நிறுத்தவில்லை. பந்தயத்துக்கு ஒரே குதிரை.

ஆனால் 2017 இலையுதிர் காலத்தில் எங்கள் தபால் பெட்டி நிரம்பி வழிந்தது. வழவழ அட்டையில், ஒரு பக்கம் குடும்பத்தோடு சிரிக்கும் வேட்பாளர், மறுபக்கம் எதிராளியின் கறுப்பு வெள்ளைப் படம். எதிராளி படத்தை எங்கிருந்துதான் தேடி எடுப்பார்களோ, எல்லோரும் பல்வலி வந்தவர் மாதிரியே இருப்பார்கள். பெரியவன் அந்த அட்டைகளை வெட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு எரிமலை செய்துகொண்டு போனான்.

கதவைத் தட்டியவர்களும் உண்டு. ஓர் அம்மா மூன்று தடவை வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்தவர், எழுபது வயதிருக்கும். கையில் ஒரு கிளிப் பலகை, அதில் எங்கள் பெயர்களை எழுத்துக் கூட்டி எழுதி வைத்திருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது மழைக் கோட்டு போட்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன், காலணி சேறாக இருக்கிறது என்று வாசலிலேயே நின்றார். இவரைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் போகிறாய்? காலையிலா, மாலையிலா?" என்று கேட்டார். யாருக்குப் போடுவாய் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார். "சாயந்திரம்" என்றார் இவர். "காலையில் போய்விடு, மகனே" என்றார் அந்த அம்மா.

செவ்வாய்க்கிழமை மழை. நான் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்படியே போய்ப் போட்டுவிட்டேன். காகிதச் சீட்டு. பெயருக்கு அருகில் இருக்கும் வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கி, ஸ்கேனருக்குள் தள்ள வேண்டும். முதல் ஓட்டு என்பதால் பரீட்சை எழுதுகிற மாதிரி கோட்டுக்கு வெளியே மை போகாமல் நிரப்பினேன். இவர் ஐந்தேகால் மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினார். சுரங்கத்தில் ஏதோ வண்டி நின்றுவிட்டது. ஏழு மணிக்கு வாக்குச்சாவடி மூடிவிடுவார்கள். அதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். ஏழு பத்துக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "போனால் போகிறது, ஒரு ஓட்டில் என்ன மாறிவிடப் போகிறது" என்று நானே சமாதானம் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதலில் வந்த கணக்கில் யான்சி 10 ஓட்டு முன்னால். மற்ற இடங்களில் ஜனநாயகக் கட்சி 15 இடங்களைப் பறித்து 49இல் வந்து நின்றது. 51க்கு 49. எங்கள் தொகுதி மாறினால் 50க்கு 50. திடீரென்று எங்கள் தெரு பெயரெல்லாம் தேசியச் செய்தியில்.

டிசம்பர் 19இல் மறு எண்ணிக்கை. சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார்: 11,608க்கு 11,607. ஒன்று! அன்று ராத்திரி இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, எண்ணாமல் ஒதுக்கி வைத்த ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தது. அதன் படத்தை நானும் பார்த்தேன். டெலிகேட் பதவிக்கு இரண்டு பெயருக்குமே வட்டம் நிரப்பியிருக்கிறது. சைமண்ட்ஸ் பக்கம் மட்டும் ஒரு சின்னக் கோடு, அடித்துவிட்டது மாதிரி. மேலே ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சிக்காரரைத் தேர்ந்திருந்தார் அந்த வாக்காளர். அப்படியானால் இது யான்சி ஓட்டுதான் என்று தீர்மானித்தார்கள். 11,608க்கு 11,608.

இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேர் போட்டு, சமம்.

சமமானால் என்ன செய்வது? சட்டம் சொல்கிறது: சீட்டுக் குலுக்கு. 2018 ஜனவரி 4. அன்று கடற்கரைப் பக்கம் முழுக்கப் பனிப்புயல், பள்ளி விடுமுறை, இவருக்கும் அலுவலகம் இல்லை. நான்கு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். ரிச்மண்டில் தேர்தல் வாரியக் கூட்டம். மேசைமேல் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் கிண்ணம், கலை அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி வந்தது. பெயர் எழுதிய துண்டுகளை, அந்தக் காலத்து கேமரா ஃபிலிம் சுருள் போட்டு வைப்போமே, அந்தச் சின்ன டப்பிகளில் அடைத்துக் கிண்ணத்தில் போட்டார்கள். வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் கையை விட்டு ஒன்றை எடுத்துத் திறந்தார். டேவிட் யான்சி.

ஒரு மாநிலச் சபை யார் கையில் என்பதை ஃபிலிம் டப்பி முடிவு செய்தது. ஊரில் சீட்டுக் கம்பெனி ஏலத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் சடங்கு இருக்கும்.

அன்று மெல்லக் கேட்டேன், "நீங்க போட்டிருந்தா யாருக்குப் போட்டிருப்பீங்க?" இவர் பனியைப் பார்த்தார். பதிலே இல்லை. அதுதான் இந்தக் கதையின் விசேஷம். இவர் ஓட்டு சைமண்ட்ஸைச் சபைக்கு அனுப்பியிருக்குமா, இல்லை யான்சிக்குக் கிண்ணத்தையே மிச்சப்படுத்தியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் அது ராணுவ ரகசியம்.

சில மாதம் கழித்து இன்னொரு செய்தி வந்தது, வாஷிங்டன் போஸ்ட்டில். எங்கள் தொகுதியில் சேர வேண்டிய 26 பேருக்குப் பக்கத்து 93வது தொகுதிச் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் தப்பாக ஏறிவிட்டது. தொகுதிக் கோடு ஒரு குடியிருப்பின் நடுவே வளைந்து போனால் இப்படித்தான். சுரங்கத்தில் மாட்டியவர் ஒருவர் இல்லை, தெரியாமலே 26 பேர் மாட்டியிருந்தார்கள் என்று இவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தக் கோட்டைப் பற்றி அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 2017இல் ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 53 விழுக்காடு ஓட்டு, இடம் 49தான். (பல தொகுதிகளில் எதிர்க்கட்சி ஆளே நிற்காததால் அந்த 53ஐ அப்படியே நம்பிவிட முடியாது, ஆனாலும்.) அது எப்படி என்று கேட்ட என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். தெருவில் 15 வீடு. 9 வீடு இட்லிக் கட்சி, 6 வீடு தோசைக் கட்சி. ஐந்தைந்து வீடாக மூன்று தொகுதி பிரிக்கணும். பிரிக்கிறவன் தோசைக்காரன். அவன் என்ன செய்வான்? ஐந்து இட்லி வீட்டை ஒரே தொகுதியில் அடைத்துவிடுவான். அங்கே இட்லிக்கு மகத்தான வெற்றி, ஐந்துக்கு ஐந்து. மீதி இரண்டு தொகுதியிலும் மூன்று தோசை, இரண்டு இட்லி. தோசைக்கு மூன்றில் இரண்டு இடம். ஒரு ஓட்டும் திருடவில்லை, ஒரு பெட்டியும் மாற்றவில்லை. சிக்குக் கோலத்தில் புள்ளி அதேதான், இழுக்கிற இழையில்தான் வித்தை.

எங்கள் பக்கம் இந்த இழை இனத்தையும் சுற்றி வந்தது. 2011இல் போட்ட வரைபடத்தில் கறுப்பின மக்களை 11 தொகுதிகளில் அடைத்திருக்கிறார்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. 2019 தேர்தலுக்குப் புது வரைபடம். எங்கள் 94ம் மாறியது. அதே இருவர் மறுபடி மோதினார்கள், சைமண்ட்ஸ் எளிதாக ஜெயித்தார். அவர் கட்சி 55 இடத்தோடு சபையைப் பிடித்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது 2019 வெற்றியை இல்லை. அதற்கு முந்தைய, தோற்றுப் போன வருடத்தை.

அப்போது நான் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" பெரிய அங்காடியில் காசாளராக இருந்த ஒருவர், ஐம்பது வயதுக்காரர், சர்க்கரை நோய். மெடிக்கெய்டு என்ற ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்கு அவர் தகுதியில்லை, தனியார் காப்பீட்டுக்குக் காசில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டியவர் எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். கார்டு கேட்டால் பர்ஸைத் திறந்து பார்ப்பார், அதில் இருக்காது என்று தெரிந்தும். கட்டணத்தை இரண்டாகப் பிரித்துத் தரலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

அந்தக் காப்பீட்டை விரிவாக்கச் சொல்லி ஆளுநர் வருடக் கணக்கில் கேட்டும் 66 பேர் இருந்த குடியரசுச் சபை அசையவில்லை. அதே சபை, குடியரசுக் கட்சி 51 பேராகச் சுருங்கியபின், 2018 மே மாதம் அதை நிறைவேற்றியது. கிண்ணம் அவர்களுக்குத்தான் பெரும்பான்மையைக் கொடுத்தது. ஆனால் அடுத்த தடவை கிண்ணம் கை கொடுக்காது என்று பலருக்குத் தெரிந்துவிட்டது. கட்சி மாறாமலே ஓட்டு மாறினார்கள். 2019 ஜனவரியில் திட்டம் தொடங்கியது; சுமார் 4 லட்சம் பேர் தகுதி பெறுவார்கள் என்றது அரசு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அந்தக் காசாளர் வந்தார். நான் கேட்கும் முன்பே கார்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் ஜெயித்தார் என்பதைவிட எவ்வளவு நெருக்கத்தில் ஜெயித்தார் என்பதற்குச் சபையில் ஒரு தனி மரியாதை உண்டு என்று எனக்குப் புரிந்தது அந்த மேசையில்தான்.

இன்னொன்றும் நடந்தது. 2020இல் புதுப் பெரும்பான்மை, காரணம் எதுவும் சொல்லாமல் 45 நாள் முன்கூட்டியே ஓட்டுப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. செய்தியை இவருக்கு அனுப்பி, "உங்க சுரங்கத்துக்காகவே போட்ட சட்டம்" என்றேன். கட்டைவிரலைத் தூக்கிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

2021 கோடையில் வடக்கே குடிபெயர்ந்தோம். லவுடன் கவுண்டி, வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு மேற்கே. பக்கத்துக்குப் பக்கம் டேட்டா சென்டர், திரும்பிய இடமெல்லாம் இந்திய மளிகைக் கடை. முருங்கைக்காய்க்காக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டாம். சுரங்கமும் இல்லை.

தொகுதி எல்லைகளும் அதே சமயம் மாறின. கோடு போடுகிற வேலையை அரசியல்வாதிகள் மட்டும் செய்யக் கூடாது என்று 2020இல் வர்ஜீனியா மக்கள் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 16 பேர் ஆணையம், சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேர், பொதுமக்கள் எட்டுப் பேர். நல்ல யோசனைதான். எட்டுக்கு எட்டு என்று கட்சி வாரியாகப் பிரிந்து அடித்துக்கொண்டு, ஒரு கோடும் போடாமல் கலைந்தார்கள். கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் பெர்னார்டு குரோஃப்மன், ஷான் டிரெண்டி என்ற வல்லுநர்கள் இருவரை உட்கார வைத்து வரையச் சொல்லி, 2021 டிசம்பர் 28இல் ஒப்புதல் கொடுத்தது. இருவரும் எந்தப் பழைய உறுப்பினர் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பெருந்தலைகள் வந்து விழுந்தன. பலர் ஓய்வு அறிவித்துவிட்டார்கள். எனக்கு அந்த வரைபடம் பிடித்திருந்தது. வளைவு நெளிவு இல்லாமல், பார்த்தால் ஊர் மாதிரி இருந்தது.

ஆனால் நேர்மையாகக் கோடு போட்டால் எல்லாத் தொகுதியும் போட்டித் தொகுதி ஆகிவிடும் என்று நான் நினைத்தது தப்பு. 2023 இலையுதிர் காலத்தில் எங்கள் புது வீட்டுத் தபால் பெட்டியில் பீட்சா கூப்பன்தான் இருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. எங்கள் 26வது தொகுதி ஜனநாயகக் கட்சிக் கோட்டை. அதைக் கோட்டையாக்கியது கோடு இல்லை, குடியிருக்கிற நாங்களேதான். மென்பொருள்காரர்களும் அரசு ஊழியர்களும் வாஷிங்டனைச் சுற்றிக் குவிகிறார்கள். தென்மேற்கு மலைப் பக்கம் அதே அளவுக்குச் சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சி. எப்படிக் கோலம் போட்டாலும் நடுவில் இருக்கிற பத்துப் பதினைந்து தொகுதிகளில்தான் சபை ஆடுகிறது. அந்தத் தடவை ஜனநாயகக் கட்சிக்கு 51, குடியரசுக் கட்சிக்கு 49. பீட்டர்ஸ்பர்க் பக்கம் 82வது தொகுதி மறு எண்ணிக்கைக்குப் பிறகு 53 ஓட்டில் முடிந்தது. கட்சிகளின் பணமும் விளம்பரமும் கதவு தட்டுகிறவர்களும் அங்கே போய்விடுகிறார்கள். (2025 நவம்பரில் அந்த 82ம் கைமாறி, சபை 64க்கு 36 என்று ஆகிவிட்டது. இப்போது 66க்கு 34 காலத்துச் சுகத்தை மறுபக்கம் அனுபவிக்கிறது.)

இங்கே உண்மையான தேர்தல் ஜூன் மாதம், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது. வர்ஜீனியாவில் வாக்காளர் பட்டியலில் கட்சி கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் முன்தேர்தலில் போடலாம். இது எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆயிற்று. நவம்பருக்குக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் தெரியாது. ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிற சபை உறுப்பினருக்கு என் போன்றவள் கோபித்துக்கொண்டால் என்ன, கொள்ளாவிட்டால் என்ன? டேட்டா சென்டர் இரைச்சலைப் பற்றி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நன்றி என்று இயந்திரப் பதில் வந்தது. நியூபோர்ட் நியூஸில் மழைக் கோட்டோடு ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார், எத்தனை மணிக்குப் போகிறாய் என்று.

அப்புறம் 2025 ஜனவரி 7. எங்கள் மாநில மேலவை உறுப்பினர், அதாவது செனட்டர், சுஹாஸ் சுப்ரமணியம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போனதால் செனட் இடம் காலி. அதற்கு எங்கள் டெலிகேட் கண்ணன் சீனிவாசன் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றார். அவர் விட்டுவந்த டெலிகேட் இடத்துக்கு ஜே.ஜே. சிங், அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சியில் ராம் வெங்கடாசலம். பெயரைப் பார்த்தால் அவரும் நம்ம பக்கம்தான். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாள் பொங்கல் பேச்சு எடுபடவில்லை. செனட் 21க்கு 19, சபை 51க்கு 49 என்று இரண்டும் நூலில் தொங்கியதால் டி.வி.யிலும் கொஞ்சம் பரபரப்பு. ஆனால் முடிவு எல்லோருக்கும் தெரியும்.

நான் டிசம்பரிலேயே போட்டுவிட்டேன். இவர் வழக்கம்போலத் தள்ளிப் போட்டார். தேர்தலுக்கு முதல் நாள் பனி கொட்டியது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே சரட் சரட் என்று சத்தம். ஜன்னலில் பார்த்தால் இவர் மண்வாரியோடு வண்டிக்கு முன்னால் பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார், குல்லா, கையுறை, லுங்கிக்கு மேல் ஜாக்கெட். அப்புறம் உள்ளே வந்து பேண்ட் மாற்றிக்கொண்டு போனார். ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் தான் மூன்றாவது ஆள் என்று படம் அனுப்பினார்.

அன்று இரவு இரண்டு இடத்திலும் ஜனநாயகக் கட்சி 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தது. இவர் ஓட்டுச் சிட்டிகை உப்புக்குக்கூடத் தேறாது. ஆனால் "நான் ஓட்டுப் போட்டேன்" ஸ்டிக்கரைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைக்குப் பக்கத்தில், ஒட்டியிருந்தார்.

தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன், "இந்தத் தடவையாவது சொல்லுங்க. யாருக்குப் போட்டீங்க?"

"நம்மாளுக்குத்தான்" என்றார், சட்னியைப் பார்த்துக்கொண்டே.

நம்மாள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்.